மாடிப்படிக்கு அடியில ஒரு கதவு

"தள்ளி உக்காருன்னு சொல்றேன்ல, காதுல விழலையா?"

"நீ தள்ளு. நான் முதல்லயிருந்தே இங்கதான் இருக்கேன்."

"இருந்தா? இடத்தை உன் பேர்ல எழுதியா வச்சிருக்காங்க?"

"முட்டியை எடு முதல்ல. குத்துது."

பலகைக்கு அந்தப் பக்கம் நடக்கற சண்டையைக் கேட்டுக்கிட்டே தச்சுக்காரர் கடைசி ஆணியை அடிச்சு முடிச்சாரு. அவருக்குச் சிரிப்பா வந்துச்சு. சம்சாரம் தன் தங்கச்சிக்கு ஃபோன் பண்ணினா இப்படித்தான், பஸ்ல யாரோ யாரோடயோ போட்ட சண்டையை ரெண்டு ஆளாவும் நடிச்சுக் காட்டுவா. குரலைக்கூட மாத்த மாட்டா, ரெண்டுமே அவ குரல்லதான் இருக்கும். உள்ள காத்து இல்லாத இடத்துல உக்காந்துக்கிட்டு இவளுக்கு இருக்கற தெம்பைப் பாருன்னு நினைச்சுக்கிட்டே சுத்தியலைக் கீழ வைக்கத் திரும்பினாரு.

ஸ்டூல் மேல அவளோட ஃபோன் சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்துச்சு.

"யார்கிட்டம்மா பேசிக்கிட்டு இருக்க?"

"நான் எங்க பேசினேன்? நீங்க ரேடியோ போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அவங்க ரேடியோவே எடுத்துட்டு வரல.

வேலை என்னன்னு சொல்லிட்டுத்தான் மேல போக முடியும். அது புதுசா கட்டின வீடு, இன்னும் யாரும் குடி வரல. மாடிப்படிக்கு அடியில முக்கோணமா ஒரு பொந்து, ஒரு ஆள் முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காரலாம், அவ்வளவுதான் இடம். அதைப் பலகை போட்டு மூடி ஒரு கதவு வைக்கணும். வீட்டோட சொந்தக்காரம்மா சொன்னது, அங்க கதவு இருக்குன்னே யாருக்கும் தெரியக்கூடாது, மரத்துல ஓடற ரேகை கதவு மேலயும் துண்டு படாம ஓடணும். அதுக்கு முழுப் பலகையையும் பசை தடவி ஆணியடிச்சு நிறுத்திட்டு, அப்புறம் அதுக்கு நடுவுலயே ஜிக்சா மெஷினை விட்டு கதவை அறுத்து எடுக்கணும். கடைசி ஓரத்தை அறுக்கும்போது துண்டு உள்பக்கம் சாஞ்சா மேல ஒட்டின வெனீர்ங்கற மெல்லிசு மரத்தாள் டர்ருன்னு கிழிஞ்சிடும். மத்த ஆளுங்க பின்னாடி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைப்பாங்க. இவங்க வழக்கம் வேற. பலகையை மூடறதுக்கு முன்னாடியே சம்சாரம் உள்ள போய் உக்காந்துக்குவா. கடைசி ஓரம் வரும்போது துண்டோட நடுவுல முதுகைக் கொடுத்துத் தாங்குவா. அறுத்து முடிச்சதும் அந்தக் கதவு வழியாவே வெளிய வருவா. பன்னெண்டு வருஷமா இப்படித்தான், ஒரு பலகையிலகூட ஓரம் பிஞ்சதில்ல.

காலையில ஒயரிங் வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் இந்த ஏற்பாட்டைக் கேட்டுட்டு வாயில கை வச்சான். "பொண்டாட்டியைச் செவுத்துக்குள்ள வச்சு ஆணியடிக்கற ஆளை இப்பத்தான்ணே பாக்கறேன்."

"உள்ள நிம்மதியா இருக்கு தம்பி," உள்ள நுழைஞ்சு பாத்துக்கிட்டு இருந்தவ அங்கயிருந்தே சொன்னா. "அரை மணி நேரம் இந்த மூஞ்சியைப் பாக்க வேண்டாம்ல."

அவன் சிரிச்சுக்கிட்டே சாப்பாட்டு நேரத்துக்குக் கிளம்பிப் போயிட்டான். இப்ப மணி மூணு. வீட்டுல அவங்க ரெண்டு பேர்தான்.

ஜிக்சாவுல ஒரு சங்கடம் இருக்கு. பிளேடு மேலயும் கீழயும் குத்திக் குத்தித்தான் அறுக்கும். பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் ரெண்டு விரல் நீளத்துக்கு நீட்டிக்கிட்டு நிக்கும். அறுக்கறவன் கண்ணுக்கு அது தெரியாது. சேர்ந்து வேலை பாக்க ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள் அவ உள்ளங்கையை அது பொளந்து விட்டுடுச்சு. அன்னையிலயிருந்து ஒரு சட்டம். அறுக்கறதுக்கு முன்னாடி அவரு மூணு தட்டு தட்டுவாரு, "கை எங்க?"ன்னு கேப்பாரு. அவ ரெண்டு கையையும் தலை மேல வச்சுக்கிட்டு "தலையில"ன்னு சொல்லுவா. சொல்லாம சுவிட்சுல விரல் போகாது. ஒவ்வொரு ஓரத்துக்கும் கேக்கணும், ஒவ்வொரு ஓரத்துக்கும் பதில் வரணும்.

"எதுக்குங்க தெனம் கேக்கறீங்க? உங்களைக் கட்டின நாள்லயிருந்து தலையில கை வச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருக்கேன்," அப்படின்னு அவ சொல்லாத வாரம் இல்ல.

அவரு பென்சில் கோட்டை இன்னொரு தடவை பாத்தாரு. ரெண்டடி அகலம், நாலடி உயரம். டிரில்லை எடுத்து நாலு மூலையிலயும் பிளேடு நுழையற அளவுக்கு ஓட்டை போட்டாரு. மரத்தூள் வாசனையோட, காயாத பசை வாசனையோட, ஓட்டை வழியா இன்னொரு வாசனையும் வந்துச்சு. ரொம்ப நாள் மூடி வச்ச தண்ணித் தொட்டியைத் திறந்தா வருமே, அந்த வாசனை. புது வீடு, சிமென்ட் இன்னும் சரியா காயல போலன்னு நினைச்சுக்கிட்டாரு.

மேல இடது மூலை ஓட்டையில, அவ உள்ள எடுத்துட்டுப் போன டார்ச்சோட வெளிச்சம் தெரிஞ்சுது. அவரு ஒரு கண்ணை மூடிக்கிட்டு எட்டிப் பாத்தாரு. அந்தப் பக்கமிருந்து ஒரு கண்ணு அவரைப் பாத்துச்சு. இதுவும் வழக்கம்தான், அவ இப்படித்தான் விளையாடுவா. கண்ணு சிமிட்டுச்சு.

அதே நேரம் அவரோட கால்ல ஏதோ பட்டுச்சு.

குனிஞ்சு பாத்தாரு. கீழ வலது மூலை ஓட்டையிலயிருந்து ஒரு சுண்டு விரல் வெளிய நீட்டி, அவரு பேன்ட்டைச் சுரண்டிக்கிட்டு இருந்துச்சு.

அவரு மேல பாத்தாரு. கண்ணு அங்கயே இருந்துச்சு. கீழ பாத்தாரு. விரல் அங்கயே இருந்துச்சு. தச்சுக்காரர் இல்லையா, மனசு தானா கணக்குப் போட்டுச்சு. மூலைக்கு மூலை நாலரை அடி. உள்ள நிமிர்ந்து நிக்கக்கூட முடியாது. அவளோட கையை முழுசா நீட்டினாலும் அந்த ஓட்டையில கண்ணை வச்சுக்கிட்டு இந்த ஓட்டையில விரலை விட முடியாது.

விரல் மெதுவா உள்ள போச்சு. கண்ணும் போச்சு. டார்ச்சு அணைஞ்சுது.

"என்னங்க, ஆரம்பிங்களேன். புழுங்குது."

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு உயிர் வந்துச்சு. பன்னெண்டு வருஷம் பக்கத்துலயே நின்னு வேலை பாத்த குரல். வெயில்ல மாடியேறி இறங்கினதுல நமக்குத்தான் தலை சுத்துது போலன்னு கண்ணாடியை மாட்டினாரு, ஒயரைத் தோளுக்குப் பின்னாடி தள்ளினாரு, மெஷினோட அடித்தட்டைப் பலகையில பட்டுனு படிய வச்சாரு. மூணு தட்டு தட்டினாரு.

"கை எங்க?"

"தலையில."

"தலையில."

ரெண்டு தடவை வந்துச்சு. எதிரொலி மாதிரிதான் இருந்துச்சு, ஆனா எதிரொலி கொஞ்சம் பிந்தி வரும். இது ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு வந்துச்சு.

மேல் ஓரத்தை அறுத்தாரு. மரம் நல்லபடியா அறுந்துச்சு, சத்தம் ஒரே சீரா இருந்துச்சு, தூள் மஞ்சளா மாவு மாதிரி கொட்டுச்சு. ஓரத்தோட முடிவுல சுவிட்சை விட்டு, பிளேடு முழுசா நிக்கற வரைக்கும் காத்திருந்து வெளிய எடுத்தாரு. அவசரப்பட்டு எடுத்தா பிளேடு துள்ளி முறியும். மெஷின் நின்ன பிறகுதான் உள்ள கேட்ட சத்தம் அவருக்குப் புரிஞ்சுது.

விசில். மூச்சு விசில்.

அவளுக்கு இழுப்பு உண்டு. தூள் பட்டா வரும். வழக்கமா துணி கட்டிக்கிட்டுத்தான் உள்ள போவா. இன்ஹேலரு எப்பவும் இடுப்புல செருகி வச்சிருப்பா. இன்னைக்கு அது எங்கன்னு சுத்திப் பாத்தாரு. ஃபோன் பக்கத்துல, அவ கைப்பைக்குள்ள அதோட நீல மூடி தெரிஞ்சுது.

"உன் இன்ஹேலரு வெளியவே இருக்கே!"

"தெரியும்." விசிலுக்கு நடுவுல அவ சொன்னா. "சீக்கிரம்... சீக்கிரம் அறுங்க."

ஓட்டை வழியா இன்ஹேலரு போகாது. அறுத்த இடத்துல தாள் ஒண்ணுதான் நுழையும். பலகையைப் பேத்து எடுக்கலாம்னா சுத்தி பசை, முப்பது ஆணி, கடப்பாரை போட்டாலும் கால் மணி நேரம் ஆகும். அவளுக்கு இழுப்பு முத்தினா பத்து நிமிஷம் தாங்காதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. போன மழைக்காலத்துல ஒரு தடவை நகமெல்லாம் நீலமாகிப் போனதை அவரு கண்ணால பாத்திருக்காரு. கதவு அளவுக்கு அறுக்கறதுதான் வழி. மூணு ஓரம். ஓரத்துக்கு ஒரு நிமிஷம்.

இடது ஓரத்துல பிளேடை விட்டாரு. தட்டினாரு.

"கை எங்க?"

"தலையில."

அப்புறம் அதே குரல், வேற இடத்துலயிருந்து, மூச்சு வாங்கிக்கிட்டு.

"அறுக்காதீங்க. என் கையை இது பிடிச்சு... கோட்டு மேல வச்சிருக்கு."

அவரு விரல் சுவிட்சு மேல அப்படியே நின்னுடுச்சு.

"யாரு? யாரு பிடிச்சிருக்கா?"

"யாரும் பிடிக்கல," முதல் குரல் சொல்லுச்சு. எரிச்சலா. தெனம் அவரைத் திட்டற அதே எரிச்சல். "இங்க நான் மட்டும்தான் இருக்கேன். அது பேசறதைக் கேக்காதீங்க. நான்தான்."

"நான்தான்," ரெண்டாவது குரல் சொல்லுச்சு.

உள்ள தடார்னு ஒரு அடி. பலகை அதிர்ந்துச்சு. தலை மோதின சத்தம்னு அவருக்குத் தெரிஞ்சுது, மரத்துல எது மோதினாலும் அவருக்குத் தெரியும். இன்னொரு அடி. அப்புறம் நகத்தால பலகையைப் பிறாண்டற சத்தம், மேலயிருந்து கீழ வரைக்கும், நீளமா. யாரோ யாரையோ கடிக்கற மாதிரி ஒரு ஈரச் சத்தம். ஒரு முனகல்.

"விடு! விடு அவளை!" எந்த அவளைன்னு அவருக்கே தெரியல. பலகையில ரெண்டு கையாலயும் அடிச்சாரு. "இந்தா, ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நான் முத முதல்ல உனக்குச் செஞ்சு கொடுத்த சாமான் என்ன?"

உள்ள சண்டை நின்னுச்சு.

"இப்ப கேக்கற கேள்வியா இது?" ரெண்டு குரலும் சேர்ந்து கேட்டுச்சு. ஒரே மாதிரி. ஒரே அலுப்பு. "ஆடற ஸ்டூல் ஒண்ணு. அதுல உக்காந்து விழுந்தேன்ல?"

அவரு அழுதுட்டாரு.

விசில் மெலிசாகிக்கிட்டே வந்துச்சு. எந்தக் குரல்லயிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க அவரு காதைப் பலகையில வச்சாரு. அந்தப் பக்கமும் ஒரு காது வச்ச மாதிரி பலகை லேசா சூடா இருந்துச்சு.

அறுக்கணும். அறுக்காட்டி செத்துப் போயிடுவா. அறுத்தா கை போகும். கை போனா தச்சுத் தொழில் போகும், ஆள் இருப்பா. அவரு போட்ட கணக்கு அவ்வளவுதான்.

"கையை எடுத்துக்க!" அவரு கத்தினாரு. "எப்படியாவது இழுத்து எடுத்துக்க! அறுக்கறேன்!"

பதிலுக்குக் காத்திருக்கல. பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா.

விரல் வேர்த்து வழுக்கினதால சுவிட்சு விட்டு விட்டுப் பிடிச்சுச்சு. அதனால பக்கத்துல இருக்கற பூட்டுப் பட்டனை அழுத்தினாரு. அதை அழுத்தினா விரலை எடுத்தாலும் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். யாருக்கு வேலை கத்துக் கொடுத்தாலும் அந்தப் பட்டன் இருக்கறதையே மறந்துடுன்னு சொல்ற ஆளு அவரு. இடது ஓரம் கீழ வரைக்கும் அறுந்துச்சு. ஒண்ணும் ஆகல. மரம் மட்டும்தான். வலது ஓரத்துல மேல ஓட்டையில விட்டாரு. ஒரு சாண் இறங்குச்சு. ரெண்டு சாண்.

சத்தம் மாறுச்சு.

மரத்தோட கர்ர்ருங்கற சத்தம் போய், ஈரச் சாக்கை அறுக்கற மாதிரி ஒரு சத்தம். நடுவுல டிக்குனு ஒண்ணு. கடினமா. எலும்பு. மஞ்சளா கொட்டின தூள் சிவப்புக் களியா பிளேடு பக்கத்துல பிதுங்கி வந்துச்சு.

உள்ளயிருந்து வந்த அலறல் மாதிரி ஒண்ணை அவரு அதுவரைக்கும் எங்கயும் கேட்டதில்ல.

சுவிட்சை விட்டாரு. மெஷின் நிக்கல. பூட்டு. அவரு அதை மறந்தே போயிட்டாரு. ஒயரைப் பிடிச்சு இழுக்கறதுக்குள்ள பிளேடு தானா இன்னும் நாலு விரல் இறங்கிடுச்சு. அந்த நாலு விரல் தூரமும் அலறல்.

"நிறுத்தாதீங்க!" இன்னொரு குரல். "நல்லா மாட்டிக்கிச்சு! அதோட கைதான், என் கை இல்ல! அறுங்க!"

"என்னங்க..." அலறின குரல். "என்னங்க... என் கை..."

அவரு வாந்தி எடுத்தாரு. சட்டையாலயே வாயைத் தொடச்சாரு. பிளக்கை மறுபடி செருகினாரு. மெஷின் கையிலயே துள்ளுச்சு.

மிச்ச வலது ஓரம். அறுந்துச்சு.

கீழ் ஓரம். கடைசி.

"கை எங்க?" கேட்டாரு. பழக்கம். வாய் தானா கேட்டுச்சு.

பதிலுக்கு உள்ள இழுபறி மட்டும். மூச்சு விசில். ஏதோ தரையில இழுபடற சத்தம். அப்புறம் ஒரு முகத்தைப் பலகையோட அழுத்தற மாதிரி ஒரு சத்தம், சரியா கீழ்க் கோட்டு மேல.

அறுத்தாரு.

பாதி தூரத்துல மெஷின் திணறுச்சு. அறுத்த இடுக்கு வழியா முடி வெளிய வந்துச்சு. கொத்தா. நீளமா. அது பிளேடுல சுத்திக்கிச்சு, பிளேடு இழுத்துச்சு. இடுக்குல சிக்கிக்கிட்டு உள்ள யாரோ தலையை ஆட்ட ஆட்ட பலகையில டம் டம்னு மோதுச்சு. வேரோட பிய்ஞ்சு வந்துச்சு. தோலும் வந்துச்சு.

அவரு கண்ணை மூடிக்கிட்டாரு. தள்ளினாரு. இன்னும் ஒரு சாண். இன்னும் நாலு விரல்.

பலகை அறுந்து அவர் மேலயே விழுந்துச்சு.

அதுக்குப் பின்னாலயே அவ வந்தா. தவழ்ந்து வந்தா. மூஞ்சி பூரா ரத்தம், சட்டை பூரா ரத்தம். ரெண்டு கையும் இருந்துச்சு. அவரு எண்ணினாரு. பத்து விரல். பத்தும் இருந்துச்சு. அவளை இழுத்து மடியில போட்டுக்கிட்டாரு. "வந்துட்டியா, வந்துட்டியா"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு.

அப்ப இருட்டுக்குள்ளயிருந்து ஒரு கை நீண்டு அவ கணுக்காலைப் பிடிச்சுச்சு.

அந்தக் கையில ரெண்டு விரல் பாதிதான் இருந்துச்சு. மிச்சம் தோல்ல தொங்குச்சு. ஆனா விடல. இறுக்கிப் பிடிச்சுச்சு.

அவ கத்தினா. காலை உதறினா. தரையில கிடந்த சுத்தியலை எடுத்தா. ஓங்கி அந்தக் கை மேல போட்டா. ஒண்ணு. பச்சைக் குச்சி முறியற சத்தம். ரெண்டு. மூணு. நாலாவது அடியில கை விட்டுடுச்சு.

"மூடுங்க! பாத்துக்கிட்டு நிக்கறீங்களே! மூடுங்க!"

அவரு பலகையைத் தூக்கிப் பழைய இடத்துலயே வச்சு அழுத்தினாரு. உள்ளயிருந்து மோதுச்சு. தோளைக் கொடுத்தாரு. அவ நீளமா ஒல்லியா கிடந்த ரீப்பர் கட்டை ரெண்டை எடுத்துக் கொடுத்தா. குறுக்க வச்சாரு. அவ பிடிச்சுக்கிட்டா, இவரு ஸ்க்ரூ ஏத்தினாரு. ஒண்ணு, ரெண்டு, எட்டு, பன்னெண்டு. கையில தோல் உரிஞ்சது தெரியல. மோதறது நின்னுச்சு. இவரும் நிறுத்தினாரு.

மெஷின் சத்தம் ஓஞ்சதும் வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு. ஜன்னல் வழியா மத்தியான வெயில் அப்படியே தரையில விழுந்து கிடந்துச்சு. வெளிய தெருவுல யாரோ சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டுப் போனாங்க.

அவரு செவுத்துல சாஞ்சு உக்காந்தாரு. அவ பக்கத்துல வந்து உக்காந்தா. அவரோட தோள்ல தலையைச் சாச்சா. எத்தனையோ நாள் வேலை முடிஞ்சு அப்படி உக்காந்திருக்காங்க. அவரு அவ தலையைத் தடவினாரு.

முடி முழுசா இருந்துச்சு. ஒரு இடத்துலகூட பிய்யல.

அவரு ஜிக்சாவைப் பாத்தாரு. பிளேடுல சுத்திக்கிட்டு இருந்த முடியைப் பாத்தாரு. அதுல நாலஞ்சு நரை இருந்துச்சு. அவளுக்குக் காதோரம் நரை உண்டு. அதுக்கு மை போடச் சொல்லி அவருதான் கிண்டல் பண்ணுவாரு. இவ காதோரம் பாத்தாரு. கருகருன்னு இருந்துச்சு.

"இன்ஹேலரு வேணுமா?" அவரு கேட்டாரு.

"எதுக்கு?"

இவ மூச்சு சத்தமே கேக்கல. தோள்ல சாஞ்சிருக்கற உடம்பு ஏறல, இறங்கல. கல்லு வச்ச மாதிரி இருந்துச்சு.

விசில் சத்தம் இன்னும் கேட்டுச்சு. பலகைக்கு அந்தப் பக்கம்.

அறுத்த பலகையைத் திரும்ப வச்சா சுத்தி ஒரு இடுக்கு விழும். பிளேடு தின்ன மரம் திரும்ப வராது. மயிரிழை அளவுக்கு ஒரு சந்து, நாலு பக்கமும். அதோட கீழ் ஓரத்துல, தரை பக்கத்துல, மரத்தூள் குமிஞ்சு கிடந்துச்சு. அந்தத் தூள் அசைஞ்சுச்சு. வெளிய கொஞ்சம் வந்துச்சு. உள்ள கொஞ்சம் போச்சு. மறுபடி வெளிய. மறுபடி உள்ள. யாரோ அந்த இடுக்குல வாயை வச்சுப் படுத்துக்கிட்டு, கிடைக்கற காத்தை எல்லாம் உறிஞ்சற மாதிரி.

அவரு ஸ்க்ரூ மெஷினைப் பாத்துக் கையை நீட்டினாரு. அவரு கை மேல இன்னொரு கை வந்து உக்காந்துச்சு. ஈரமா. ஜில்லுன்னு. பாரமா.

"விடுங்க," பக்கத்துல இருந்தவ சொன்னா. பாசமாத்தான் சொன்னா. அவளும் அந்தத் தூளையேதான் பாத்துக்கிட்டு இருந்தா. "இன்னும் கொஞ்ச நேரம்தான். தானா நின்னுடும்."

தூள் வெளிய வந்துச்சு. உள்ள போச்சு. முன்னைவிட கொஞ்சம் கம்மியா.

இது வரைக்கும் படிச்சவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவளை உதறிட்டு அந்தப் பன்னெண்டு ஸ்க்ரூவையும் அவரு கழட்டணுமா, இல்ல அந்தத் தூள் அசையறது நிக்கற வரைக்கும் அப்படியே உக்காந்திருக்கணுமா? கீழ எழுதுங்க. ஒரு வார்த்தை போதும். யோசிச்சுட்டு அப்புறம் எழுதலாம்னு மட்டும் விட்டுடாதீங்க.